காடி (கார்) பூட்டில் (சாமான் வைக்கும் பின்பெட்டியில்) கிடப்பதில் பாதி சமயத்துக்கு உதவாது

4 நவம்பர் 2024, இரவு 9.12, எழுதுபவர் (புனைப்பெயர்):
ஈஜோக் ரோடு

அண்ணன்மாரே, ஒரு கேள்வி. சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து வேலைக்குப் போக வர செம்பனைத் தோட்டத்து வழிதான். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சா விளக்கு கிடையாது, பாதி தூரம் போன் லைன் கிடையாது. சாமான் கடையில "அவசரப் பை"ன்னு 89 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) ஒன்னு விக்குது. அதைக் காடியில போட்டு வச்சா போதுமா? இல்ல ஒவ்வொன்னா பார்த்து வாங்கணுமா?

4 நவம்பர், இரவு 9.47
பழைய பட்டறை

அதுல பை மட்டும்தான் நல்லா இருக்கும். உள்ளே இருக்குற ஜம்ப்பர் வயர் (இன்னொரு காடி பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்குறது) வெளியில ரப்பர் மொத்தம், உள்ளே கம்பி நூல் மாதிரி. ரோட்டுல வைக்குற எச்சரிக்கை முக்கோணம் லோரிக் காத்துக்கே படுத்துடும். டார்ச் பிளாஸ்டிக். பிளாஸ்டர் நாலு.

இணையத்துல கிடைக்குற பட்டியலும் நமக்கு ஆகாது. கம்பளி, மெழுகுவத்தி, பனி சுரண்டுற கட்டை எல்லாம் குளிர் ஊருக்காரன் எழுதினது. நம்ம ஊர்ல வெயில்ல நிறுத்தின காடிக்குள்ள 60 பாகை செல்சியஸ் சாதாரணமா தொடும், டேஷ்போர்டு 70ஐயும் தாண்டும். மெழுகுவத்தி பூட்டுல குழம்பாயிடும். அதனால எதை வாங்கினாலும் ரெண்டு விஷயம் பாருங்க: இந்தச் சூட்டுல ஆறு மாசம் கெடாம இருக்குமா, தேவைப்படுற நேரத்துல கை எட்டுமா.

முதல்ல டயர். தோட்டத்து ரோட்டுல நிக்குற காடியில பெரும்பாலும் டயரும் பேட்டரியும்தான் பிரச்சினை.

ஸ்பேர் டயர் இருக்கான்னு பார்த்தா போதாது, காத்து இருக்கான்னு பாருங்க. முழு அளவு ஸ்பேர்னா ஓடுற டயருக்குச் சொன்னதைவிட 30 கேபிஏ (கிலோபாஸ்கல், காத்து அழுத்த அளவு) கூட ஏத்தி வைங்க, மாசக்கணக்குல குறைஞ்சாலும் போதுமான அளவு மிஞ்சும். ஒல்லி ஸ்பேர்னா அது வேற கணக்கு. 420 கேபிஏ, அதாவது 60 பிஎஸ்ஐ. அதுல 220 வச்சு ஓட்டினா வளையம் ரோட்டுல தட்டும். வேகம் 80க்கு மேல கூடாது, டயர் பக்கவாட்டுலயே எழுதியிருக்கும்.

நட்டு. டயர் கடையில காத்துத் துப்பாக்கியால முடுக்கினதை காடியோட வர்ற சின்ன ஸ்பேனரால கழட்ட முடியாது. கணக்கு இதுதான்: சின்னக் காடிகளுக்கு நட்டை ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் முடுக்கணும். ஸ்பேனர் 25 செண்டிமீட்டர்னா கைப்பிடி நுனியில 40 கிலோ அழுத்தம் வேணும். 50 செண்டிமீட்டர் நீளம்னா 20 கிலோ போதும். துப்பாக்கி அதைவிட ரெண்டு மடங்கு முடுக்கியிருந்தா எவ்வளவு வேணும்னு நீங்களே பெருக்கிக்கோங்க. ஸ்பேனர் கைப்பிடி நுழையுற அளவுல அரை மீட்டர் இரும்புக் குழாய் ஒன்னு ஹார்ட்வேர் கடையில வெட்டி வாங்குங்க. பத்து வெள்ளிக்குள்ள வரும். அந்த 89 வெள்ளிப் பையை விட இதுக்கு மதிப்பு அதிகம்.

நட்டு அளவு பெரோடுவா, தோயோத்தாவுக்கு 21, ஹோண்டாவுக்கு 19. சிலுவை ஸ்பேனர் வாங்கினா ரெண்டும் இருக்கும். திருட்டுப் பூட்டு நட்டு போட்டிருந்தா அதுக்கான சாவி காடியிலதான் இருக்கணும், வீட்டு அலமாரியில இல்ல.

ஜாக்கிக்கு அடியில வைக்க ஒரு பலகை. 30க்கு 30 செண்டிமீட்டர், 18 மில்லிமீட்டர் பிளைவுட். மழை பெஞ்ச செம்மண்ணுல ஜாக்கி காடியைத் தூக்காது, தான் உள்ளே போயிடும்.

4 நவம்பர், இரவு 10.05
பழைய பட்டறை

வரிசையைச் சொல்ல விட்டுட்டேன். ஹேண்ட் பிரேக், கியர் P. தூக்கப்போற டயருக்கு எதிர்மூலை டயருக்குக் கல். டயர் தரையில இருக்கும்போதே நட்டை அரைச்சுத்து தளர்த்தணும், பிறகுதான் ஜாக்கி. தூக்கின பிறகு தளர்த்தப் போனா காடி ஜாக்கியை விட்டு இறங்கும். நட்டு முழுசும் கழட்டியும் டயர் வரலைன்னா துருப் பிடிச்சு ஒட்டியிருக்கு. நட்டை ரெண்டு சுத்து மட்டும் திரும்பப் போட்டு, காடியை இறக்கி, முன்னும் பின்னும் ஒரு சாண் நகர்த்துங்க. 'டக்'னு விட்டுடும். அடியில படுத்து உதைக்கிற வேலை வேணாம்.

மாத்தினதும் நட்டைக் குறுக்குக் குறுக்கா முடுக்கணும். 50 கிலோமீட்டர் ஓடினதும் இன்னொரு தடவை முடுக்கிப் பாருங்க.

5 நவம்பர், காலை 6.20
பழக்குலை லோரி

அண்ணே, முக்கோணம் படுத்துக்கும்னு சொல்லி விட்டுட்டீங்க, எங்க வைக்கணும்னு சொல்லலையே. எதிர்ல வர்றது லோரிக்காரங்க நாங்கதானே.

5 நவம்பர், காலை 7.02
பழைய பட்டறை

50 மீட்டர் பின்னாடி. சாதாரண நடையில 65 அடி வைங்க.

5 நவம்பர், மதியம் 12.40
பழக்குலை லோரி

50 பத்தாது அண்ணே. 60ல வர்ற லோரி 50 மீட்டரை 3 விநாடியில தாண்டிடும். 90ல 2 விநாடி. நெடுஞ்சாலையில 110ல வந்தா 1.6 விநாடி, பிரேக்ல கால் வைக்கவே பத்தாது. செம்பனைப் பழக்குலை ஏத்தின லோரி ஈரச் செம்மண்ணுல பிரேக் போட்டா நிக்காது, வழுக்கிக்கிட்டே வரும்.

வளைவுல நின்னா வளைவுக்கு முன்னாடி வைக்கணும், மேட்டுல நின்னா மேட்டுக்கு அந்தப் பக்கம். நிறைய பேரு வளைவுக்குள்ள காடிக்குப் பின்னாலயே வச்சுடுறாங்க. அது தெரியும்போது காடியும் சேர்ந்துதான் தெரியும், அப்புறம் முக்கோணம் எதுக்கு.

5 நவம்பர், மதியம் 1.15
பழைய பட்டறை

தம்பி சொல்றது சரி. மேல போட்ட 50ஐத் தோட்டத்து ரோட்டுல 100ஆ திருத்திக்கோங்க, நடையில 130 அடி. நெடுஞ்சாலையில 150. ஆனா நெடுஞ்சாலையில அதை வைக்க நடக்குறதே ஆபத்து. தடுப்புக்கு அந்தப் பக்கமா நடங்க, முக்கோணத்தை நெஞ்சுக்கு முன்னாடி வர்ற காடிகளுக்குத் தெரியுற மாதிரி பிடிச்சுக்கோங்க. நடக்க இடமே இல்லைன்னா வைக்க வேணாம். ஆபத்து விளக்கைப் போட்டுட்டு எல்லாரும் தடுப்புக்கு வெளியில போய் நில்லுங்க. காடிக்குள்ள உக்காந்து போன் பேசுறதுதான் ரொம்ப மோசம்.

முக்கோணம் வாங்கும்போது கையில தூக்கிப் பாருங்க. கால் இரும்பா, பாரமா இருக்கணும். இலேசா இருந்தா ஒரு தண்ணிப் போத்தலைக் கட்டித் தொங்கவிடலாம். கூடவே மின்னுற மேல்சட்டை ஒன்னு, 10 வெள்ளி. அதை பூட்டுல வைக்காம சீட்டுக்குப் பின்னால மாட்டுங்க. காடியை விட்டு இறங்குறதுக்கு முன்னாடி போட வேண்டியது அது.

5 நவம்பர், இரவு 8.30
ஈஜோக் ரோடு

குழாய் வாங்கியாச்சு, 7 வெள்ளி. கடைக்காரர் எதுக்குன்னு ஒரு மாதிரி பார்த்தார். ஜம்ப்பர் வயர் எது நல்லது? ஒன்னுல 500A போட்டிருக்கு, ஒன்னுல 1000A.

5 நவம்பர், இரவு 9.10
பழைய பட்டறை

அந்த எண்ணைப் பார்க்காதீங்க தங்கச்சி. அச்சடிக்கிறவன் இஷ்டம் அது. செம்பு எத்தனை சதுர மில்லிமீட்டர்னு கேளுங்க. சின்னக் காடிக்கு 16, டீசல் ஹைலக்ஸ் மாதிரிக்கு 25.

ஏன்னா, ஸ்டார்ட்டர் சுத்த 150 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. 3 மீட்டர் வயர்னா போக 3, வர 3, மொத்தம் 6 மீட்டர். 16 சதுர மில்லிமீட்டர் செம்புல அந்த வழியில கிட்டத்தட்ட 1 வோல்ட் போகும். பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில விக்குற 6 சதுர மில்லிமீட்டர்ல 2.6 வோல்ட் போயிடும். கொடுக்குற பக்கம் 12 வோல்ட்டுன்னா வாங்குற பக்கம் 9.4தான். 'டிக் டிக்'னு சத்தம் மட்டும் வரும், வயர் சுடும். அதுவும் செம்பு பூசின அலுமினியமா இருந்தா இன்னும் மோசம். நுனியைக் கத்தியால சுரண்டிப் பாருங்க, உள்ளே வெள்ளையாத் தெரிஞ்சா வைச்சுட்டு வந்துடுங்க.

மாட்டுற வரிசை: சிவப்பை செத்த பேட்டரி பிளஸ்ல, மறுமுனையை நல்ல பேட்டரி பிளஸ்ல. கறுப்பை நல்ல பேட்டரி மைனஸ்ல, மறுமுனையை செத்த காடி இன்ஜின்ல பெயிண்ட் இல்லாத இரும்புல, பேட்டரியை விட்டுத் தள்ளி. கடைசி முனை மாட்டும்போது பொறி வரும். பேட்டரி வாய்ல ஹைட்ரஜன் வாயு இருக்கும், அது பொறியில பத்தும். அதுக்குத்தான் தள்ளி. நல்ல காடியை 5 நிமிஷம் ஓடவிட்டுட்டு செத்ததை ஸ்டார்ட் பண்ணுங்க. கழட்டுறது தலைகீழ் வரிசை.

கழட்டினதும் வோல்ட் மீட்டர் இருந்தா வைங்க, சிகரெட் குழியில செருகுறது 15 வெள்ளிக்குக் கிடைக்கும். இன்ஜின் ஓடும்போது 13.8லிருந்து 14.5 வரை காட்டினா சார்ஜ் ஆகுது. 13க்குக் கீழன்னா ஆல்டர்னேட்டர் போச்சு, ஏர்கானை அணைச்சுட்டு நேரே பட்டறைக்குப் போங்க, நடுவுல எங்கயும் நிறுத்தாதீங்க. நிறுத்தி வச்ச காடியில 12.6 இருந்தா பேட்டரி நிறைஞ்சிருக்கு, 12.2ன்னா பாதிதான்.

6 நவம்பர், காலை 6.05
பழக்குலை லோரி

பவர் பேங்க் மாதிரி ஜம்ப் ஸ்டார்ட்டர் வந்திருக்கே, அது தேவலாமா? இன்னொரு காடி வேணாமே.

6 நவம்பர், காலை 11.20
பழைய பட்டறை

தேவலாம், தனியா ஓடுறவங்களுக்கு வயரை விட அதுதான் உபயோகம். ஆனா அது லித்தியம், வெயில்தான் அதுக்கு எமன். டேஷ்போர்டுல வச்சா வீங்கும். முன் சீட்டுக்கு அடியில வைங்க, காடிக்குள்ள கொஞ்சம் சூடு குறைஞ்ச இடம் அதுதான். மூணு மாசத்துக்கு ஒருமுறை வீட்டுக்குள்ள கொண்டுபோய் சார்ஜ் போடுங்க. வீங்கியிருந்தா தூக்கிப் போட்டுடுங்க, 'இன்னும் ஒருதரம்' கிடையாது.

போனுக்கும் அது சார்ஜ் கொடுக்கும். 2023 பிப்ரவரியிலிருந்து தனியார் காடிக்கு ரோட் டெக்ஸ் (சாலை வரி) ஸ்டிக்கர் ஒட்ட வேணாம், போன்லயே காட்டலாம். போன் செத்தா ரோட் டெக்ஸும் சேர்ந்து செத்த மாதிரிதான். காப்புறுதித் தாளோட நகல் ஒன்னு, இழுவை உதவி எண் எழுதின ஒரு சீட்டு, 50 வெள்ளி சில்லறை நோட்டு, எல்லாம் சேர்த்து ஒரு ஜிப் பையில போட்டு வைங்க.

6 நவம்பர், மதியம் 2.00
பழைய பட்டறை

சூடுன்னதும் ஞாபகம் வருது. ஸ்பிரே டப்பா எதுவா இருந்தாலும் 50 பாகைக்கு மேல வைக்காதேன்னு அதுலயே போட்டிருக்கும்: டயர் அடைப்பான், வாசனை, கொசு மருந்து. லைட்டரும் அப்படித்தான். போத்தல்ல பெட்ரோல் வைக்கவே கூடாது.

9 நவம்பர், இரவு 10.30
ஈஜோக் ரோடு

மழை ஆரம்பிச்சிடுச்சு. தோட்டத்துக்குள்ள சக்கரம் மாட்டிக்கிட்டா செம்பனை மட்டையை வெட்டி அடியில போடுன்னு எல்லாரும் சொல்றாங்க. சரியா?

9 நவம்பர், இரவு 11.05
பழக்குலை லோரி

போடலாம், ஆனா எந்தப் பக்கம்னு பாருங்க அக்கா. மட்டையோட அடிப்பாகம் முழுக்க முள். டயர்ல ஏறினா சகதியிலிருந்து வெளியே வருவீங்க, அரை கிலோமீட்டர்ல காத்து போகும். இலைப் பக்கத்தை மட்டும் பாராங் கத்தியால நறுக்கி, சக்கரத்துக்கு முன்னால நீட்டுவாக்குல இல்லாம குறுக்கால போடுங்க.

போடுறதுக்கு முன்னாடி டயர் காத்தை 130 கேபிஏவுக்கு இறக்கினா பிடிப்பு கூடும். வெளியே வந்ததும் திரும்ப ஏத்தணும், அதுக்குக் காடியில சின்ன காத்துப் பம்ப் இருக்கணும். இல்லைன்னா இறக்காதீங்க.

9 நவம்பர், இரவு 11.40
பழைய பட்டறை

பம்ப் 120 வாட்டுன்னா 10 ஆம்பியர் இழுக்கும். சிகரெட் குழியோட ஃபியூஸ் 15, நீலக் கலர். 180 வாட் பம்ப் செருகினா ஃபியூஸ் போயிடும், ராத்திரியில அதைத் தேடணும். பெரிய பம்புன்னா பேட்டரியில நேரா கடிக்கிற கிளிப் உள்ளதா வாங்குங்க. இன்ஜின் ஓடட்டும். பத்து நிமிஷம் ஓடினா பத்து நிமிஷம் ஓய்வு கொடுங்க. ஃபியூஸ் ரெண்டு ரெண்டு வச்சுக்கோங்க: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை.

முள் குத்தினதுக்கு, ஆணி குத்தினதுக்கு, டயர் கடையில 'சாச்சிங்'னு ஓட்டையில ஒட்டுக் கயிறு குத்துறாங்களே, அந்தப் பெட்டி 20 வெள்ளிக்குக் கிடைக்குது. ஆணியைப் பிடுங்கும்போது எந்தச் சாய்வுல போயிருக்குன்னு பாருங்க, அதே சாய்வுல அரம் விட்டு பத்து தடவை மேலும் கீழும். ஒட்டுக் கயிறை ஊசியில பாதியா மடிச்சு, பசை தடவி, வெளியில ஒன்றரை செண்டிமீட்டர் மிஞ்சுற வரை அழுத்தி, ஊசியை வெடுக்குன்னு இழுங்க. மெதுவா இழுத்தா கயிறும் கூட வந்துடும். சவுக்காரத் தண்ணி ஊத்தி குமிழ் வருதான்னு பாருங்க. ரோட்டுல படுற பாகத்துக்கு மட்டும்தான் இது. பக்கவாட்டுல ஓட்டைன்னா ஸ்பேர்தான்.

தள்ளினாலும் நகரலைன்னா கயிறு. இழுக்குற கொக்கி பூட்டுல ஜாக்கியோட இருக்கும், பம்பர் மூடியைத் திறந்து முழுசும் திருகணும். சில காடியில இடப்பக்கத் திருகு, எதிர்ப்பக்கமா சுத்தணும். கயிறு இழுபடும்போது நடுவுல ஈரச் சாக்கைப் போடுங்க, அறுந்தா மேல பறக்காம கீழ விழும். ஆட்டோ கியர் காடியை சகதியிலிருந்து நாலு மீட்டர் இழுக்கலாம், ஊருக்கு இழுத்துக்கிட்டுப் போகக்கூடாது.

10 நவம்பர், காலை 9.15
ஈஜோக் ரோடு

வெள்ளம் வந்தா? சிலாங்கூர் ஆத்துப் பக்கம் ரோடு தாழ்வு. கண்ணாடி உடைக்கிற சுத்தியல் வாங்கி டேஷ்போர்டு டிராயர்ல வச்சிருக்கேன்.

10 நவம்பர், காலை 10.40
பழைய பட்டறை

டிராயர் சரியில்ல. காடி மூக்கு குத்தி இறங்கினா தண்ணி முதல்ல நிறையுறது அங்கதான், சாய்வுல திறக்கவும் வராது. கதவுக் குழியிலயும் வேணாம், கவிழ்ந்தா உருண்டு போகும். சீட் பெல்ட் போட்டபடியே கை எட்டுற இடத்துல வெல்க்ரோ போட்டு ஒட்டுங்க.

சுத்தியலை முன் கண்ணாடியில அடிச்சுப் பிரயோசனம் இல்ல. அது ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் வச்சு ஒட்டினது, விரிசல் விடும், வழி விடாது. பக்கக் கண்ணாடிதான், அதுவும் மூலையில. நடுவுல அடிச்சா சுத்தியல் எகிறும். சில புதுக் காடியில பக்கக் கண்ணாடியும் ஒட்டுக் கண்ணாடி. மூலையில பொடி எழுத்துல போட்டிருக்கும், இன்னைக்கே பாருங்க. 'டெம்பர்ட்'னு இருந்தா உடையும்.

இன்னொன்னு. நம்ம ஊர்ல டிண்டட் பிலிம் ஒட்டாத காடி ஏது? உடைச்ச பிறகும் அந்தப் பிலிம் துண்டுகளைப் பிடிச்சுக்கிட்டுத் துணி மாதிரி தொங்கும். உடைஞ்சதும் முழங்கையாலயோ காலாலயோ வெளியில தள்ளணும். சுத்தியல் வீண்னு அதை விட்டுடக் கூடாது.

இதுக்கெல்லாம் முன்னாடி: தண்ணி கதவு உயரத்துக்கு வர்றதுக்குள்ள பெல்ட்டை அவிழ்த்து ஜன்னலை இறக்குங்க. பவர் விண்டோ உடனே சாகாது, கொஞ்ச நேரம் வேலை செய்யும். அந்த நேரத்தைப் போன்ல செலவழிக்காதீங்க. கதவைத் தள்ளிப் பார்க்காதீங்க, வெளித்தண்ணி அழுத்தும்.

ஓடுற தண்ணி 30 செண்டிமீட்டர் இருந்தா சின்னக் காடி நகர ஆரம்பிக்கும், 60ல பெரும்பாலானது மிதக்கும். தோட்டத்து ரோட்டுல ரெண்டு பக்கமும் லோங்காங் (சாக்கடை வாய்க்கால்), தண்ணி மூடினா ஓரம் எதுன்னே தெரியாது. 2021 டிசம்பர் வெள்ளத்துல ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவுல கூரை வரைக்கும் முங்கின காடிகளை எல்லாரும் பார்த்தோம். தண்ணியில இன்ஜின் நின்னுட்டா திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. காத்துக் குழாய் வழியா சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா பிஸ்டனால அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளையும். நின்ன காடியை இழுத்துட்டுப் போனா சர்வீஸ் செலவோட போகும். ஸ்டார்ட் பண்ணினா இன்ஜின் செலவு.

10 நவம்பர், மதியம் 12.10
பழக்குலை லோரி

சூடேறி நிக்கிறதுக்கு ஒரு வரி. இணையத்துல ஹீட்டரைப் போடுன்னு சொல்வான். நம்ம உள்ளூர் காடி பலதுல ஹீட்டரே கிடையாது, தேடாதீங்க.

10 நவம்பர், மதியம் 12.55
பழைய பட்டறை

ஹா. ஏர்கானை அணைச்சு, ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, முக்கால் மணி நேரம் தொடாம இருங்க. மூடி ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைப் பிடிச்சு வச்சிருக்கும், அதனால 100 பாகை தாண்டியும் தண்ணி கொதிக்காம அடங்கியிருக்கும். திறந்த அடுத்த நொடி மொத்தமும் ஆவியா முகத்துல அடிக்கும். ஆறினதும் ஈரத் துணி போட்டு கால் சுத்து, நிறுத்தி, அப்புறம் மீதி. ஒன்றரை லிட்டர் போத்தல் ரெண்டு ரேடியேட்டருக்கு, ரெண்டு குடிக்க, எது எதுக்குன்னு மார்க்கர்ல எழுதிடுங்க. சூட்டு இன்ஜின் மேல ஊத்தாதீங்க, விரிசல் விடும்.

தீயணைப்பான்: ஏபிசி பொடி, 1 கிலோ, போம்பா (தீயணைப்புத் துறை) ஒப்புதல் ஸ்டிக்கரோட. பூட்டுல வேணாம். பின்கண்ணாடித் தட்டுலயும் வேணாம், பலதுக்கு 60 பாகைதான் எல்லை. முன் சீட்டுக்கு அடியில பிடிப்பு வச்சு மாட்டுங்க. மாசம் ஒருமுறை தலைகீழாப் பிடிச்சு அடியில தட்டணும், இல்லைன்னா குலுங்கிக் குலுங்கிப் பொடி கல்லாயிடும். அழுத்தம் காட்டுற முள் பச்சையில இருந்தும் பொடி வெளியே வராத டப்பா நிறைய. பத்து விநாடிக்குள்ள தீர்ந்துடும். பானெட்டை முழுசும் திறக்காம கொக்கி விட்ட இடைவெளியில அடிங்க, திறந்தா காத்து புகுந்து தீ எழும்பும். பேட்டரியில ஓடுற மின்சாரக் காடியில தீன்னா அடிக்கவே வேணாம், தள்ளிப் போய் 999 அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்க.

17 நவம்பர், இரவு 8.20
பழைய பட்டறை

மருந்துப் பை கேட்டு உள்பெட்டியில சில பேரு எழுதினாங்க. பிளாஸ்டர் சூட்டுல பசை போய் ஒட்டாது, மாத்திரை 30 பாகைக்கு மேல வைக்கக்கூடாதது. அதனால காடியில துணி சாமான்தான்: கட்டுத் துணி, 7.5 செண்டிமீட்டர் எலாஸ்டிக் கட்டு, முக்கோணத் துணி, நைட்ரைல் கையுறை, கத்தரிக்கோல். மாத்திரை கைப்பையில. தைலம் எப்படியும் ஒவ்வொரு காடியிலயும் மூணு இருக்கும், அதைத் தனியா எழுதணுமா?

டார்ச்சை விட தலையில மாட்டுற விளக்கு நல்லது, டயர் மாத்த ரெண்டு கையும் வேணும். பேட்டரியை உள்ளே போட்டு வைக்காதீங்க, சூட்டுல ஒழுகி விளக்கையே தின்னுடும். பக்கத்துல டேப் போட்டு ஒட்டி வைங்க.

லைன் இல்லாத இடம்: உங்க கம்பெனி லைன் இல்லைன்னாலும் வேற கம்பெனி லைன் இருந்தா 112 போகும், அது 999க்குத்தான் போய்ச் சேரும். ஆனா "தோட்டத்துக்குள்ள இருக்கேன்"ன்னு சொன்னா யாருக்கும் புரியாது. பிளாக் பலகையில எண், நட்ட வருஷம் இருக்கும். தோட்டத்துப் பேரு, டிவிஷன், பிளாக் எண், எந்த கேட் வழியா உள்ளே வந்தீங்கன்னு சொல்லுங்க. கேட் முக்கியம். ராத்திரி பாதி கேட் பூட்டிக் கிடக்கும்.

2 டிசம்பர், இரவு 7.45
ஈஜோக் ரோடு

நீங்க சொன்னபடி ஸ்பேர் டயரை இன்னைக்குத்தான் பார்த்தேன் அண்ணே. மேல இருந்த சாமானை எல்லாம் இறக்கவே கால் மணி நேரம். காத்து 90. பக்கத்துல 1412ன்னு நாலு எண் இருக்கு. டயர் குழியில தண்ணி தேங்கியிருக்கு.

2 டிசம்பர், இரவு 8.30
பழைய பட்டறை

1412ன்னா 2012, 14வது வாரம் செஞ்சது. பன்னிரண்டு வருஷம் ஆச்சு, ரப்பர் செத்துப்போச்சு. காத்து ஏத்தி ஓட்டிப் பார்க்காதீங்க, மாத்துங்க.

தண்ணிக்கு: குழியோட அடியில ரப்பர் மூடி ஒன்னு இருக்கும், பிடுங்கினா வடிஞ்சிடும். துடைச்சுக் காயவிட்டு மூடியைத் திரும்ப அழுத்துங்க. அப்புறம் ஒருத்தரை பூட்டுக்குள்ள டார்ச்சோட உக்கார வச்சு வெளியில ஹோஸ் அடிங்க. பெரும்பாலும் பின் விளக்கு ஓரத்து ரப்பர்லதான் கசியும். ஜாக்கியை எடுத்து முழுசும் மேல ஏத்தி இறக்கிப் பாருங்க. அந்தத் தண்ணியிலதானே இத்தனை நாளும் கிடந்திருக்கு, திருகு துருப் பிடிச்சிருக்கும். கிரீஸ் போடுங்க.

இறக்கின சாமானைத் திரும்ப ஸ்பேர் மேல அடுக்காதீங்க. மழையில, இருட்டுல மறுபடி அதை ரோட்டுல இறக்கணும்.